பதினேழாம் எண் ஸ்க்ரூடிரைவர்

தொண்ணூறுகளின் கடைசியில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமாக இல்லை. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகள் சிலர் சேர்ந்து, பழைய படையினரின் நினைவுகளையும் அவர்கள் குடும்பத்தாரின் நினைவுகளையும் கேசட்டில் பதிந்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள். தமிழும் வங்காளமும் தெரிந்த, வேகமாக டைப் அடிக்கிற ஆள் கல்கத்தாவில் வேண்டுமாம். மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்த நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நான் வரேனே" என்று சொல்லித் தொலைத்தேன்.

வாரம் ஒரு வீடு. பதிந்து வந்ததை லேக் கார்டன்ஸில் எங்கள் மாடியறையில், குளிர்கால மத்தியானங்களில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு எழுதுவேன். ஏரிப் பக்கமிருந்து பனியும் அடுப்புப் புகையும் கலந்து வந்து ஜன்னலில் நிற்கும். நாடாவின் இரைச்சலுக்குள் கிழவர்களெல்லாம் இருபது வயதில் ஓடிக்கொண்டிருப்பார்கள். யாரோ சிரிப்பார்கள், யாரோ இஞ்சினைக் கிளப்பச் சொல்வார்கள். கண்ணை மூடினால் எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்றே தெரியாது. எத்தனையோ நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது அப்படித்தான்.

டாலிகஞ்சில் இருந்த அண்ணாச்சி விமானத்தைப் பழுது பார்க்கும் டெக்னீஷியனாக இருந்தவர். எங்கள் இருவருக்குமே திருநெல்வேலிப் பக்கம் என்பதால் முதல் நாளே அவர் அண்ணாச்சி ஆனார், அவர் மனைவி மதினி ஆனார். சாப்பிடாமல் விட மாட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். கழுவி வைத்த கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"வீட்டுல கள்ளி நானா, வந்த விருந்தாளியான்னு கண்டுபிடிக்காவ, தங்கச்சி!" என்று மதினி சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்தக் கூத்துதான். ஒண்ணு குறைஞ்சா வீட்டையே கவுத்துப் போட்டுருவாவ."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். பயிற்சி நாட்களைச் சொன்னார், குளிரில் இரும்பு கையில் ஒட்டிக்கொள்வதைச் சொன்னார். பாதியில் ரெக்கார்டரைக் காட்டி, "அதைக் கொஞ்சம் நிப்பாட்டும்மா" என்றார். நிறுத்தினேன்.

"எங்க டூல் போர்டைப் பாத்திருக்க மாட்ட. பலகையில ஒவ்வொரு டூலுக்கும் அதோட உருவத்தையே பெயிண்ட்ல வரைஞ்சிருக்கும். வேலை முடிஞ்சதும் எல்லாம் அதது இடத்துல தொங்கணும். ஒரு இடம் காலியா இருந்தா, அது கிடைக்கிற வரைக்கும் பிளேன் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஏன்னா உள்ள எங்கயாவது கிடந்து, பறக்கும்போது உருண்டு கண்ட்ரோல் கம்பியில சிக்கிச்சுன்னா முடிஞ்சுது கதை."

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், காலையில் அவர் வேலை பார்த்த விமானம் மத்தியானம் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். விமானம் போன பிறகு எண்ணினால் ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை.

"மரக் கைப்பிடி. ஓரத்துல நான் சூடு வச்ச தழும்பு ஒண்ணு. இரும்புல பதினேழுன்னு கொத்தியிருக்கும். அப்பவே சொல்லியிருந்தா வயர்லெஸ்ல திரும்பக் கூப்பிட்டிருப்பாங்க. சொல்லல. வந்திரும்னு இருந்துட்டேன். வரல."

மலைப்பக்கம் போன விமானம் அது. உடைந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை. மோசமான வானிலை என்று விசாரணையில் எழுதினார்கள். அண்ணாச்சி மறுநாள் பஜாரில் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி, பதினேழு என்று கொத்தி, காலி இடத்தில் தொங்கவிட்டார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். "ஓட்டிட்டுப் போனது புதுசா கல்யாணம் ஆன பையன்மா. வங்காளி. எனக்கு சிகரெட் குடுப்பான். நான்தான் அவனைக் கொன்னுட்டேன்" என்றார். மதினி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கே இதெல்லாம் தெரியாது.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரெக்கார்டர் நின்றிருக்கும்போது சொன்னதை எழுதக் கூடாது, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அடுத்த மாதம் என் பட்டியலில் வந்த வீடு சால்ட் லேக்கில், அதே விமானியின் மனைவி வீடு. போகவே எனக்குக் கால் வரவில்லை. அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே!

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வங்காள வழக்கப்படி மாஷிமா, சித்தி என்றுதான் கூப்பிட்டேன். அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, சின்ன ஹால், ஜன்னலோரம் தையல் மிஷின். டீ கொடுத்தார், தலையணை உறை தைத்துக்கொண்டே பேசினார். அவர் வங்காளம் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் போல இருந்தது. விமானத் தளத்துக் குவார்ட்டர்ஸ், மதியச் சாப்பாட்டுக்குக் கணவர் சைக்கிளில் வருவது, கூடவே காற்றில் வரும் பெட்ரோல் வாசனை. மாடியறையில் இருக்கிற மாதிரியே எனக்குக் கண் சொருகியது.

திடீரென்று மிஷின் நின்றது. ஊசி ஆடியது. "இது ஒரு சனியன்" என்று மாஷிமா இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து, ஊசி பிடிக்கிற திருகை இறுக்கினார்.

மரக் கைப்பிடி. ஓரத்தில் கருப்பாய் ஒரு சூட்டுத் தழும்பு.

"கொஞ்சம் பார்க்கலாமா மாஷிமா?" என்றேன். இரும்பில் பதினேழு.

"இது அவர் கொண்டு வந்தது" என்றார் மாஷிமா. "ஊசி ஆடுது, ஊசி ஆடுதுன்னு மூணு நாளா அவரை அரிச்சு எடுத்தேன். கடைசி நாள் மத்தியானம் சாப்பிட வரும்போது, மெக்கானிக் அந்தப் பக்கம் போயிருந்தான், கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்னு சிரிச்சார். திருகை இறுக்கிட்டு, மிஷின் மேலயே வச்சுட்டு ஓடினார். அவர் கை கடைசியா தொட்ட சாமான். அதனால நான் யார்கிட்டயும் கொடுக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கட்டுப்பாட்டை மீறாமல் என்ன சொல்ல முடியும்? "மாஷிமா, இது இல்லாம ஒருத்தர் முப்பது வருஷமா தூங்கல. யாருன்னு கேக்காதீங்க. எனக்குக் கொடுங்க" என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு பெரிய பொருளைக் கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் பேசாமல் எழுந்து வந்திருப்பேன்.

அவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பாதி தைத்த தலையணை உறையில் சுற்றி என்னிடம் நீட்டினார். "கொடுத்துடு. சாயங்காலமே திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனார்."

சால்ட் லேக்கிலிருந்து நேராக டாலிகஞ்ச் போனேன். பஸ்ஸில் மடியில் அந்தப் பொட்டலம். வெளியே பனிக்குள் தெருக்கள் நகர்ந்துகொண்டே இருந்தன.

அண்ணாச்சி பிரித்துப் பார்த்தார். தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்தார். எங்கே இருந்தது என்று சொன்னேன். "தையல் மிஷினுக்கா?" என்றார். "கேட்டிருந்தா நானே வந்து இறுக்கிக் குடுத்திருப்பேனே, பாவிப் பய" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மதினி ஈரக்கையோடு ஓடி வந்து, ஒன்றும் புரியாமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உங்க மேல தப்பே இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"எண்ணாம கையெழுத்துப் போட்டேன். குறையுதுன்னு தெரிஞ்சும் மறைச்சேன். அது எனக்கு உள்ளதுதான்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்த ரெக்கார்டரைப் போடும்மா. இதையும் பதிஞ்சுக்கோ. இவளும் கேக்கட்டும்" என்றார். சொன்னது சொன்னபடி அந்தக் கேசட்டும் மற்றவற்றோடு சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியே என்னோடு சால்ட் லேக் வந்தார். மாஷிமாவிடம் தன் வாயாலேயே எல்லாம் சொன்னார். அவர் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி மிஷினைப் பிரித்து எண்ணெய் விட்டு, ஊசித் திருகை இறுக்கி, ஸ்க்ரூடிரைவரை அதன் இழுப்பறையிலேயே வைத்து மூடினார்.

மறுநாள் மத்தியானம் ஆபீசுக்கு மதினியிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இப்பத்தான் சாப்புட்டாவ. எந்திரிச்சுக் கை கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டாவ" என்றார் மதினி. "கரண்டிய எண்ணவே இல்ல."