பானெட்டுக்குள் வைத்த புகையிலை

என் மனைவியின் ஆபரேஷனுக்காக வேலூர் கிளம்பினோம். எப்போது திரும்புவோம் என்று தெரியாது. எங்கள் பழைய பியட் காரை நிறுத்தி வைக்க சேக்காட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர். புகையிலை அடக்கிய இடது கன்னம் மட்டும் எப்போதும் உப்பியிருக்கும். பார்க்கும்போதெல்லாம் என் மனைவி அதற்காகத் திட்டுவாள்.

பேட்டரியைக் கழற்றினார். டயர்கள் தரையில் படாதபடி வண்டியைக் கட்டைகள்மேல் ஏற்றினார். கடைசியில் இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து பானெட்டுக்குள் வைத்தார்.

"இந்த வாசனைக்கு எலி ஒயர கடிக்காதும்மா."

"அப்ப உங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

"நீ வந்து வண்டிய எடுக்கற வரிக்கும் இது வண்டியோடது. நான் வேற வாங்க மாட்டேன். சீக்கிரமா வந்துடு."

மழைக்காலம் முடிந்துதான் திரும்பினோம். மறுநாளே வந்து நின்றார். இரண்டு கன்னமும் ஒன்றுபோல் ஒட்டியிருந்தன.

"வந்துட்ட இல்ல. என் பொட்டலத்த குடும்மா."

அவள் மெல்ல நடந்துபோய் பானெட்டைத் திறந்து பார்த்தாள். "அங்கயே இருக்கட்டும். எலி இன்னும் போகல."

எந்த எலி என்று அவர் கேட்கவில்லை. பொட்டலத்தில் கை படாமல் பேட்டரியை மாட்டினார். கடையில் வேறு வாங்கிக்கொள்ள அவருக்கு என்ன தடை? ஆனால் அந்தக் கன்னம் உப்பி அப்புறம் நான் பார்க்கவே இல்லை.