அளவு குறையாத கட்டிகள்

என் கணவரின் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மரபணுப் பரிசோதனை செய்து, அவருக்குப் பொருந்தும் மருந்தை ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில், ‘கட்டிகளின் அளவு குறையவில்லை’ என்றிருந்தது.

“போதும், நிறுத்திடலாம். என்னால முடியல” என்றார் கணவர். அவர் படும் பாட்டைப் பார்த்து நானும் சம்மதித்தேன்.

அதைச் சொல்லப் போனபோது டாக்டர், “பழைய ஸ்கேன் சிடி எங்கே?” என்றார். அது ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. “பையா, ஜல்தி!” என்று ஆட்டோக்காரரை இந்தியில் அவசரப்படுத்தி, போய் எடுத்து வந்தேன்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “அளவு அப்படியேதான் இருக்கு. ஆனா உள்ளே கறுத்திருக்கு பாருங்க. கட்டி செத்துக்கிட்டிருக்கு. மருந்து வேலை செய்யுது.”

“நிறுத்தியிருந்தா?”

டாக்டர் அடுத்த தவணை மருந்துக்கான சீட்டை எழுத ஆரம்பித்தார்.

இப்போது ஸ்கேன் எடுத்தால் பழைய சிடிகளோடுதான் போகிறேன். டாக்டர் படத்தைப் பார்க்கும்வரை ரிப்போர்ட் உறையைப் பிரிப்பதில்லை. இந்த மாத உறை என் மடியில் இருக்கிறது. இன்னும் எங்களைக் கூப்பிடவில்லை.