இரண்டாவது புத்தகம் தராத நாத்தனார்

சரோஜா போய்விட்டாள் என்று வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போன் செய்திருந்தார். கடைக்காரர் வந்து சொன்னபோது இட்லிக்கு ஊறிய உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அரைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது.

அவள் என் நாத்தனார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்தினாள். அங்கே தைக்க வந்த நீங்கள்தான் இப்போது அவளுக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். கவிதை படிக்கக் கற்றுத்தந்தவர் என்று எழுதப்போகிறீர்களாம். எழுதுங்கள். ஐந்தாவதோடு நின்ற என்னையும் எழுதச் சொன்னது உங்கள் தப்பு.

சண்டை இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் போனதில்லை. "குழம்பு அடிபிடிக்குது, பாருடி" என்றால், "ஒரு பக்கம்தான் அண்ணி" என்பாள். அந்தப் பக்கம் முடிவதற்குள் குழம்பு முடிந்திருக்கும்.

ஆனால் புதிதாக வந்த பெண் யாராவது, "எந்தக் கவிஞரைப் படிக்கட்டும் அக்கா?" என்று கேட்டால் போதும், மெஷினை நிறுத்திவிடுவாள். வரன் பார்க்கிறவள் மாதிரி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பாள். ஊர், குடும்பம், கோபம் வருமா வராதா எல்லாம் விசாரிப்பாள். சமையலறையில் எனக்கு எல்லாம் கேட்கும். என்னை யாரும் விசாரித்ததில்லை.

ஒரு கார்த்திகைத் தீபத்தன்று போளூர், செங்கம் சொந்தமெல்லாம் வீட்டில் வந்து இறங்கியிருந்தது. அடுப்பில் ஈரச் சவுக்கு விறகை ஊதி ஊதி எனக்குக் கண் சிவந்திருந்தது. அவள் காபி கேட்டு வந்து நின்றாள்.

"வர்றவளுக்கெல்லாம் ஆள் சொல்றியே, எனக்கு ஒருத்தரைச் சொன்னியாடி? எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன்.

உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "இவரைப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒருத்தி அடுப்பு ஊதுகிறாளாம். புகை மேகமாம், அவள் முகம் நிலாவாம், கண்ணில் வழிகிற நீர் முத்தாம். அவரை ஒரு நாள் என் அடுப்புக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அச்சில் வந்தது, படித்தவர் எழுதியது. ஏதாவது சொல்லி, இவள் சிரித்துவிட்டால்? "நல்லா இருக்குடி" என்றேன்.

சரோஜா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க அண்ணி" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் ஒன்றும் தரவில்லை. என்னை மட்டமாக நினைத்துவிட்டாள் என்று வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்துப் புகைந்தேன்.

காரியத்தன்று நீங்கள் முன்னறையில் உட்கார்ந்து அழுதீர்கள், சிரித்தீர்கள்.

"எனக்கும் முதல்ல அந்த மேகக்காரரைத்தான் குடுத்தாங்க!"

"எனக்கும்! தூக்கிக்கிட்டு வந்து திட்டினேன். 'வாடி, இப்ப உட்காரு'ன்னு சொல்லிட்டு அப்புறம்தான் தனக்குப் பிடிச்சவரை எடுத்தாங்க."

"பிடிக்கலைன்னு சொல்லத் தெரியாதவளுக்குப் பிடிச்சதும் தெரியாதுன்னு சொல்வாங்களே!"

கொண்டுவந்த காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டேன். எரிகிற லைட்டுக்கும் மூடாத பாத்திரத்துக்கும் அவளை நாள் தவறாமல் திட்டியவள் நான். நான் திட்டவேண்டும் என்று அவள் காத்திருந்த ஒரே நாளில் மரியாதையாக இருந்துவிட்டேன். "நிஜமாவா அண்ணி?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்தவளுக்கு என் முகம் தெரியாதா? கேட்காமல் செத்துப்போனாளே, பாவி.

"அண்ணி, உங்களுக்கு யாரு பொருத்தம்னு நான் சொல்லட்டுமா?" என்றாள் உங்களில் ஒருத்தி, கஸ்தூரி.

"நீ வாயை மூடுடி" என்றேன். இன்னும் அதையேதான் சொல்கிறேன். அவள் வாயால் வரவேண்டியது உன் வாயால் எனக்கு வேண்டாம்.

அவள் புத்தக அலமாரியை உங்கள் வாசகசாலைக்குக் கேட்டீர்கள். தரமாட்டேன். ஒரு ஓரத்திலிருந்து நானே படித்துக்கொண்டு வருகிறேன். பொய்யாக எழுதியிருப்பவரைச் சத்தம்போட்டுத் திட்டிவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். போன வாரம் ஒருவரைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன், அப்போதும் வரவில்லை. அவள் எனக்கு இவரைத்தான் எடுத்து வைத்திருந்தாளா, வேறு யாரையாவதா என்று இனி யாரிடம் கேட்பேன்?

அவர் பெயரை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது எனக்கும் சரோஜாவுக்கும் உள்ள சண்டை. அதை முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை.