கேட்காமலே எழுதிய அளவு

முதலில் ஸ்டெதஸ்கோப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தேவனாம்பட்டினத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நர்ஸ் நான். அன்று ஏழு மாதக் கர்ப்பிணியான செல்வியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். காதுக்குள் ஙொய் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்னக்கா, மூணு தடவ காத்தடிச்சிட்டீங்க?" என்றாள்.

வெட்கமாகிவிட்டது. போன மாத ரத்த அழுத்தத்தையே அட்டையில் எழுதி அனுப்பிவிட்டேன். மனசு கேட்காமல் மறுநாள் டிஜிட்டல் மெஷினோடு அவள் வீட்டுக்கே போனேன். அளவு சரியாகத்தான் இருந்தது. என் காதுதான் சரியில்லை.

கணவர் என்னைச் சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர்.

"ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் மட்டுந்தான் டாக்டர்."

"அந்த முட்டிவலி கேப்சூல சொல்லலியே?" என்றார் கணவர்.

"அது மூலிகைதான மாமா!"

வருகிறவர்களிடமெல்லாம் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லி நச்சரிக்கிறவள் நான். வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது, டப்பாவில் நாளைக்கு இரண்டு என்று போட்டிருந்ததை ஆறாக விழுங்கினேன். ஊர் திரும்பியும் நிறுத்தவில்லை. அதில் வில்லோ மரப்பட்டைச் சாறு இருந்தது. அதிலுள்ள சாலிசின் (உடலுக்குள் ஆஸ்பிரினைப் போல வேலை செய்யும் பொருள்) அளவு மீறினால் காதில் இரைச்சல் வரலாமாம், கேட்பதும் குறையலாமாம்.

"அப்ப இதாலதானா டாக்டர்?"

"இருக்கலாம். வயசாகவும் இருக்கலாம். கேப்சூல நிறுத்துங்க, ஆஸ்பிரின நீங்களா நிறுத்தாதீங்க. ஹார்ட் டாக்டர கேளுங்க."

எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, அவர் இரண்டு தந்தார். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கேப்சூலை நிறுத்தியதும் இரைச்சல் மெல்லக் குறைந்தது. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வலது காது தேறிவிட்டது. இடது காதில் மெல்லிய ஒலிகள் இன்னும் வரவில்லை, வருமா என்பதும் தெரியாது. உங்களுக்கும் இப்படி இருந்தால், குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை.

பிரசவத்துக்கு முன் செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் அட்டையை எடுத்து விரித்தாள்.

"அப்ப அன்னிக்கு எனக்கு எவ்ளோக்கா இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதுமில்லை.