வண்டி வாசனைதான் கண்ணு

ஜூன் மாதத்தில் குளிர் நடுக்கும் ஊரில் இருக்கிறேன் என்றால் பென்னலூரில் யாரும் நம்ப மாட்டார்கள். பிரேசிலில் கம்பினாஸ் நகரம். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வரிசையாகக் கார்களைக் கிளப்புவார்கள். உடனே தெரு முழுக்கச் சாராய வாடை. வந்த புதிதில், "விடியறதுக்குள்ள எந்த வூட்ல ஊத்திக்கினு கீறானுங்க?" என்று கணவரைக் கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே பல வண்டிகள் கரும்பிலிருந்து எடுக்கும் எதனால் என்ற எரிசாராயத்தில் ஓடுகின்றன, குளிரில் எஞ்சின் சூடாகும்வரை வாடை தூக்கலாக இருக்கும் என்றார். நான் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைத்தால் தாங்காது என்று மனசுக்குத் தெரிந்திருக்கும்போல.

என் அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவை விட்டு இறங்கினால் நேரே ஒயின்ஷாப். அம்மா இறந்த பிறகு இன்னும் மோசம். தண்டலத்தில் எனக்கு காலேஜ் சீட் கிடைத்த அன்று கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு வருடம் தினமும் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் டிரைவராகச் சேர்ந்தார். விற்பனைக்கு வராத புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு வேறு கலவை ஊற்ற வேண்டும் என்பார். என்ன கலவை என்று நான் கேட்டதில்லை.

என் நிச்சயதாம்பூலத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து ஓடிவந்த அப்பா பின்வாசலில் நின்றார். கிட்டே போனதும் குப்பென்று அடித்தது.

"இன்னாப்பா, இன்னிக்குமா?"

"ஐயோ, குடிக்கல கண்ணு. வண்டி வாசனைதான். டேங்கு காலி பண்ணசொல்ல மேல கொட்டிக்கிச்சு. கேட்ல ஊதவெச்சுத்தான் உள்ள வுடறான், யார வேணா கேளு."

"வண்டி பெட்ரோல் குடிக்கும். சாராயமா குடிக்கும்?"

"இந்த வண்டி அதுலதான் கண்ணு ஓடுது. இரு, சட்டைய மாத்திக்கினு வரேன்."

"வாய் நாறுதுன்னா சட்டைய மாத்தி இன்னா பண்றது? குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க."

அவர் வந்த வழியே பின்பக்கம் திரும்பிப் போனார். தட்டு மாற்ற வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர். எங்கள் வீட்டில் சித்தப்பா மாற்றினார். அப்பாவுக்கு ஓ.டி. என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டோம். அவர்கள் கிளம்பும்வரை அப்பா பின்பக்கம் வண்ணான் கல்லில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்திலும் என் பக்கத்தில் வரும்போதெல்லாம் இரண்டடி தள்ளியே நின்றார்.

நான் இங்கே வந்த பிறகு வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவார். "போன்ல வாசன வராது இல்ல கண்ணு?" என்று சிரிப்பார். பெரிய மனது பண்ணி மன்னித்தவள்போல நானும் சிரிப்பேன். அடுத்த வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கொள்ளியும் சித்தப்பாதான் வைத்தார்.

இந்த ஜூனில் நானே கார் ஓட்டப் பழகி, மகளைப் பள்ளியில் விடுகிறேன். போன வாரம் போஸ்தோவில், நம் ஊர் பெட்ரோல் பங்க்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், குழாயை உருவும்போது எதனால் சிதறி என் ஸ்வெட்டர் கை நனைந்துவிட்டது. பள்ளி வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் சிலேனி, மகளைத் தூக்கக் குனிந்தவள் மூக்கைச் சுருக்கினாள். அரைகுறை போர்த்துகீசியத்தில், "காஹோ, காஹோ" என்றேன். வண்டி, வண்டி. அவள் வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தெருவை எட்டிப் பார்த்தாள். நான் ஈரக் கையை நீட்டினேன். "ஆ, எதனால்!" என்று சிரித்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். என் பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருத்தி ஒரு நொடியில் நம்பிவிட்டாள். கற்பூரம் கேட்கவில்லை. காருக்குள் வந்து ஸ்வெட்டர் கையை முகத்தில் வைத்துக்கொண்டேன். பின்வாசலில் அடித்த அதே வாசனை. அப்பா, அப்பா என்று எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. நான் பாவி. உண்மையைச் சொன்ன மனிதரை, அவர் பெற்ற மகளாக இருந்தும் ஒரு தடவைகூட நான் நம்பவில்லை.

பென்னலூர் வீட்டில் அவர் துணிமணிகளைப் பதினாறாம் நாளுக்கு முன்பே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அங்கே போனாலும் அவருடையதாக முகர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. அவர் கால் படாத இந்த ஊரில்தான் அந்த வாசனை இருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் சாவியைத் திருப்பிவிட்டு, குளிரானாலும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்சீட்டிலிருந்து மகள், "வாமுஸ், அம்மா" என்று அவசரப்படுத்துவாள்.

"இரு கண்ணு, கொஞ்ச நேரம்" என்பேன். எஞ்சின் சூடாகிவிட்டால் அப்பா போய்விடுவார்.