களத்தில் காயப்போட்ட இடுப்பு

மண்ணச்சநல்லூர் மூக்கனுக்கு ஈரம் பார்க்கும் மெஷின் மேல் மரியாதை கிடையாது. நெல் தரகர், அறுபத்தேழு வயது. மூட்டையிலிருந்து ஒரு நெல்லை எடுத்து முன்பல்லால் கடிப்பார், கண்ணை மூடுவார், "பதினேழு" என்பார். மில்காரர் மெஷினில் போட்டுப் பார்த்தால் அதுவும் பதினேழு சதவீதம் ஈரம் என்று காட்டும். நாற்பது வருடமாக இப்படிச் சரியாகச் சொல்லிச் சொல்லி, உலகத்தில் தமக்குத் தெரியாத ஈரம் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவு அவருடைய வலது காலைக் கிட்டத்தட்டக் கொண்டுபோய்விட்டது.

நான் பிரான்சி. புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப்போய் டிரெஸ்ஸிங் மாற்றுவது என் வேலை. எனக்கு வீடு காட்டூரில், மூக்கனுக்கு வீடு மண்ணச்சநல்லூரில். காவிரி, கொள்ளிடம் இரண்டையும் தாண்டி ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது என்னிடம் பொறுமை மிச்சமிருக்காது. அதனால் இதை நான் அன்பாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மில் வாசலில் தவிடு சிந்திக் கிடந்த படியில் வழுக்கி விழுந்தார் மூக்கன். இடுப்பில் தொடையெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் டாக்டர் பிரவீன்ராஜ் பழைய மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வரிசையாகச் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. கட்டைப் பிரிக்கக் கூடாது, காயத்தைத் தொடக் கூடாது, அதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். மூக்கன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டுக்குப் போனதும் ஊர் திரண்டுவிட்டது. ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் என்று கட்டிலைச் சுற்றிக் கடையே போடலாம். வந்தவர்கள் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தையல் எப்படி இருக்கு?" வாயால் பதில் சொன்னால் போதாது. காயத்தைப் பார்க்காமல் போனால் வந்தவருக்கு மனசு ஆறாது, காட்டாமல் அனுப்பினால் மூக்கனுக்கு ஆறாது. வேட்டியை ஒதுக்குவார், கட்டைப் பாதி பிரிப்பார், "இருவத்தி மூணு தையல்" என்பார். மகள் வீட்டுச் சம்பந்தி வள்ளிக்கண்ணு வந்தபோதும் விடவில்லை. அந்த அம்மாள் பாவம், ஃபேனையே பார்த்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏழாம் நாள் நான் போனபோது கட்டின் மேல் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப் இருந்தது.

"இது என்னங்கய்யா?"

"உங்க பிளாஸ்திரி நாலு தடவ எடுத்தா ஒட்ட மாட்டேங்குது நர்சம்மா. இது பாருங்க, கிண்ணுனு நிக்குது."

"நாலு தடவ ஏன் எடுத்தீங்க?"

"நம்பி வந்து பாக்குறாங்க. முடியாதுன்னா சொல்ல முடியும்?"

கத்தினேன். அவர் மனைவி காளியாயி ஒரு ஓரமாக நின்று சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். காளியாயி பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் மூக்கனுக்கே சரியாகப் போய்விடும்.

காயம் அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. நான் புதுக் கட்டுப் போட்டு, நோட்டில் 'காயம் நன்று' என்று எழுதிவிட்டு வந்தேன். பிரவுன் டேப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூக்கனே போன் செய்தார். "காயம் கல்லு மாதிரி காஞ்சிருச்சு. நீங்க அலைய வேணாம், கோயிலுக்குப் போயி ஜெபம் பண்ணுங்க." எவ்வளவு அக்கறை பாருங்கள். நானும் சந்தோஷமாகப் பூசைக்குப் போய்விட்டேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதினாலாம் நாள் தையல் பிரிக்கப் போனேன். உச்சி வெயில் நேரம், மூக்கன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டால், லேசாகச் சளி பிடித்திருக்கிறதாம். கட்டைப் பிரித்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. தையலைச் சுற்றிலும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. கீழ் முனையில் மஞ்சளாகச் சீழ்.

"எத்தனை நாளாக் கசியுது?"

"கசிவெல்லாம் இல்ல. இது ஆறுற வாசன."

டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் புத்தூர் வந்து சேர்ந்தோம். பிரவீன்ராஜ் காயத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு சுருக்கமாகப் பேசினார்.

"சீழ் உள்ள வரைக்கும் போயிருக்கும்போல இருக்கு. இன்னைக்கே திறந்து கழுவினா மூட்டைக் காப்பாத்தப் பாக்கலாம். தள்ளிப்போட்டு, கிருமி அந்த உலோகத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்துடுச்சுன்னா மூட்டையே கழட்டணும். அப்புறம் மாசக்கணக்கா மூட்டு இல்லாமத்தான் இருக்கணும். மறுபடி வைக்க முடியுமான்னு அப்பதான் தெரியும். காயத்துல வெளியிலேர்ந்து ஏதாவது பட்டுச்சா? மருந்து, எண்ணெய், மண்ணு?"

"ஒண்ணும் படல" என்றார் மூக்கன்.

மகன் ஜெயக்குமார், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுக் காலையிலேயே கிளம்பி, ஓசூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். வழியெல்லாம் செல்போனில் படித்துக்கொண்டே வந்திருப்பான்போல. கால் மணி நேரத்தில் டாக்டருக்கே பாடம் எடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தான்.

"உங்க தியேட்டர்லதான் கிருமி ஏறியிருக்கு. நாங்க கையெழுத்துப் போட மாட்டோம். சென்னைக்குக் கொண்டு போறோம்."

"இவங்க கத்தியில வந்ததுதான்" என்று மூக்கன் படுத்தபடியே தாளம் போட்டார். காய்ச்சல் நூற்று மூன்று இருந்தது. அப்போதும் குரலில் தரகுக் கறார் குறையவில்லை.

டாக்டரால் சத்தியம் செய்து மறுக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்தும் கிருமி வரலாம். ஆனால் சென்னை ஆறு மணி நேரம். போய்ச் சேர்ந்து, அட்மிஷன் போட்டு, அவர்கள் திரும்ப எல்லா டெஸ்டும் எடுத்து முடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிடும். ஜெயக்குமார் ஆம்புலன்ஸ்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் டாக்டர் பக்கம் திரும்பி, "ஏழாம் நாளே கட்டைப் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டியிருந்தாங்க சார். நான் எழுதல. ஞாயித்துக்கிழமையும் போகல" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"பாத்தீங்களா, நர்ஸே ஒத்துக்கிறாங்க, தப்பு உங்க மேலதான்" என்று ஜெயக்குமார் அதையும் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் காளியாயி வாயைத் திறந்தார்.

"போனை வைடா குமாரு."

ஜெயக்குமார் வைத்துவிட்டான்.

"டாக்டரய்யா, சனிக்கிழம தண்ணியாட்டம் கசிஞ்சுது. இவங்க கட்டைவிரலால அமுக்கிப் பாத்தாங்க. விரல மோந்து பாத்துட்டு, ஈரம் நிக்குது, காயப்போட்டா சரியாப் போயிடும்னாங்க. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நாலு நாளா மத்தியானம் மில்லுக் களத்துல சாக்கை விரிச்சு, கட்டை எடுத்துட்டு, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டாங்க. சுத்தி அவிச்ச நெல்லு காஞ்சுது. ஆளுங்க காலால கிண்டி விட்டுக்கிட்டே போனாங்க. காத்தடிச்சா தூசியும் உமியும் வந்து மேல விழும். நான் முந்தானையால தட்டி விட்டேன்."

என் சர்வீஸில் காயத்தில் காப்பித்தூள் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பல்பொடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புழுங்கல் நெல்லோடு சேர்த்து இடுப்பைக் காயப்போட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"ஏய், உன்ன யாரு கேட்டா?" என்றார் மூக்கன்.

"யாரும் கேக்கலைன்னுதான் நாப்பத்தி மூணு வருசமா சும்மா இருந்தேன். கால் போச்சுன்னா தூக்கி உக்கார வைக்கப் போறது ஊர்க்காரங்க இல்ல, நான். கையெழுத்தப் போடுங்க."

மூக்கன் மகனைப் பார்த்தார். மகன் கீழே பார்த்தான். பேனாவை நான்தான் நீட்டினேன். போட்டார்.

அன்று சாயங்காலம் திறந்து கழுவினார்கள். லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றினார்கள், கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள், மூட்டில் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினார்கள். தையலுக்குச் சற்று உள்ளே இரண்டு உமி இருந்தது. டாக்டர் அதைச் சின்ன டப்பாவில் போட்டுக் குடும்பத்திடம் காட்டினார். காளியாயி வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆறு வாரம் நரம்பில் ஊசி மருந்து. மூட்டு தங்குமா என்று டாக்டரே கடைசி வாரம் வரைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட் வரும்போதும் மூக்கன் என் முகத்தைப் பார்த்த பார்வையில் தரகர் யாரும் இல்லை. பயந்துபோன ஒரு கிழவர் இருந்தார். எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியாமல் போயிற்று, அதுவே ஒரு எரிச்சல். ஊர்க்காரர்கள் திரும்பவும் ஆப்பிளோடு வந்தார்கள். காளியாயி வார்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தையலைப் பார்க்கணும் என்றவர்களுக்கு டப்பாவிலிருந்த உமியைக் காட்டி அனுப்பிவிட்டார்.

மூட்டு தங்கிவிட்டது.

நான்கு மாதம் கழித்து, கடைசித் தடவையாகத் தழும்பைப் பார்க்க மண்ணச்சநல்லூர் போனேன். மூக்கன் கைத்தடியோடு களத்தில் நின்றுகொண்டிருந்தார், காளியாயி இரண்டடி பின்னால். தழும்பு காய்ந்து இறுகியிருந்தது. பரவாயில்லை என்று நான் சொன்னதுதான் தாமதம், அவர் குனிய முடியாமல் ஓர் ஆளை விட்டு ஒரு நெல்லை எடுக்கச் சொன்னார். முன்பல்லால் கடித்தார். கண்ணை மூடினார்.

"பதினாலு."

மில்காரர் மெஷினைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். பதினாலு.

மூக்கனின் மார்பு விரிந்தது. பழைய சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது. "பாத்தீங்களா நர்சம்மா? ஈரத்துல மட்டும் என்னை யாரும் ஏமாத்த முடியாது" என்று சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில் அதே கட்டைவிரலை வலது இடுப்புக்குக் கொண்டுபோனார்.

காளியாயி அந்தக் கையைப் பிடித்து மறுபடி கைத்தடியின் மேல் வைத்தார்.

"நெல்லுக்கு மட்டுந்தாங்க" என்றார்.