மூன்று வாசலும் என் வாயும்

பழைய இலக்கியத்தில் கோயில்கள் எப்படி வருகின்றன என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவன் நான். ஆறு வருஷம் எழுதிய அந்த ஆய்வேடு, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வடுமாங்காய்ப் பரணியின் மூடிமேல் பாரமாக இருக்கிறது. தடிமனுக்காவது ஒரு பயன் கிடைத்ததே என்று மனைவிக்குத் திருப்தி. கடவுள் மரத்தடியிலும் நாற்சந்தியிலும் குடியிருந்த காலத்துப் பாட்டு முதல், புறா அடையும் பாழ்மண்டபத் தூணில் எழுதியிருந்த சாமிவரை எது எங்கே வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பதுதான் வீட்டாரின் புகார்.

பத்மநாபன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் போவேன். பேசுவதற்கு ஆள் வேண்டுமே.

இரண்டு வருஷத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து அக்கா வந்தாள். அவளுக்குக் கண்ணில் நீரழுத்தம். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதன் பார்வையும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிவிட்டது. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். மறுநாள் இங்கே ஆபரேஷன். பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்கு முன்னாடி பத்மநாபன் முகத்தை ஒரு தடவை பாத்துடணும்டா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அங்கே படுத்திருக்கும் பெருமாள் ஒரே வாசலில் அடங்கமாட்டார். முதல் வாசலில் முகம், நடு வாசலில் நாபி, மூன்றாவதில் பாதம். உள்ளே எண்ணெய் விளக்கு மட்டும். கூட்டத்தில் ஒவ்வொரு வாசலிலும் மூச்சு விடுகிற நேரம்தான் நிற்க முடியும்.

வரிசையில் நின்றதுமே ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, பழைய பாட்டுல பாத்தியானா, கோயில்னா முதல்ல கட்டடமே கிடையாதாக்கும்." முதல் வாசலுக்கு வந்தபோது நான் மரத்தடியைக் கடந்து பாழ்மண்டபத்தை எட்டியிருந்தேன். நல்ல இடம், விட மனசில்லை. தம்பி பேசும்போது வேறெங்கோ பார்ப்பது மரியாதையில்லை என்று நினைப்பவள் என் அக்கா. என் பக்கம் திரும்பினாள். அந்தச் சுருங்கின கண்ணுக்குள் என் முகம் மட்டும்தான் இருந்திருக்கும்.

"சாரே, சம்சாரம் வேண்டா. நடக்கு, நடக்கு" என்றார் காவல்காரர். பேசாதே என்று எனக்கு முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் மனிதர் அவர். நாபி போயிற்று, பாதமும் போயிற்று.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நன்னாச் சொன்னேடா. முகத்தை மட்டும் பாக்கல்லே."

திரும்பி ஓடினேன். நடை அடைத்தாயிற்று. விடிந்தால் ஆஸ்பத்திரி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அக்காவையும் சேர்த்துக் கெடுத்தது.

பார்வை நிற்கவில்லை. அதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன தை மாதம் மறுபடி வந்தாள். "கோயிலுக்கு அழைச்சுண்டு போ" என்றாள். இந்தத் தடவை வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஊமைபோல் நடந்தேன். முதல் வாசலில் அவள் என் கையை அழுத்தினாள்.

"வெளிச்சம் மட்டும் மங்கலாத் தெரியறது. முகம் எப்படிடா இருக்கு? சொல்லு."

 வாயில் வந்ததெல்லாம் அடிக்குறிப்போடு வந்தது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து உள்ளே பார்த்தேன்.

"கறுப்பு முகம் அக்கா. கண் பாதி மூடியிருக்கு."

"அப்புறம்?"

"வலது கை சும்மாத் தொங்கறது. தூங்கப் போறச்சே யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கார். கோபமில்லே."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, நான்தான் அழுதேன்.

"இத்தனை வருஷமா இங்கேயே இருக்காய். எத்தனையோ சொல்லியிருக்காய். இதை ஒருநாளும் சொன்னதில்லையேடா" என்றாள்.

பின்னால் தள்ளினார்கள். அவளை நடு வாசலுக்கு அழைத்துப் போனேன். நான் அதற்குமுன் பார்த்திருந்தால்தானே சொல்லியிருப்பேன்.